114.3: ஒரு வீலுக்குள் இருக்கும் வரலாறு

பழைய மாருதி 800-க்கு அலாய் வீல் தேடுகிறவர் முதலில் சந்திக்கும் எண் 114.3. வீலில் உள்ள நான்கு போல்ட் துளைகளின் மையங்களைத் தொட்டு ஒரு வட்டம் வரைந்தால், அதன் விட்டம் 114.3 மில்லிமீட்டர். இதற்குப் பெயர் பி.சி.டி. எதிரெதிர் துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தாலே தெரிந்துவிடும்.

சரி, 114 இல்லை, 115 இல்லை, அதென்ன 114.3?

25.4 ஆல் வகுத்துப் பாருங்க. 4.5 வரும், மிச்சமே இல்லாமல். அதாவது இது நாலரை இன்ச். இங்கிலாந்து, அமெரிக்கா உள்ளிட்ட நாடுகள் 1959-ல் ஒப்பந்தம் போட்டு ஒரு இன்ச் என்பது சரியாக 25.4 மில்லிமீட்டர் என்று முடிவு செய்தன. அதனால்தான் இந்தக் கணக்கு இவ்வளவு சுத்தமாக வருகிறது. இந்தியா 1956-லேயே மெட்ரிக் அளவைக்குச் சட்டம் போட்டுவிட்டது. ஜப்பானும் மெட்ரிக் நாடுதான். ஆனாலும் 1983-ல் சுசுகியின் வடிவமைப்பில் குர்கானில் உருவான காரின் வீலில் நாலரை இன்ச் உட்கார்ந்திருக்கிறது. நம்ம ஊர் பிளம்பர் இன்றைக்கும் அரை இன்ச் பைப் கேட்கிற மாதிரிதான்.

இந்த ஒரு இழையைப் பிடித்தால் மற்ற எண்களும் பேசத் தொடங்கும். மாருதி ஜிப்ஸியின் பி.சி.டி. 139.7, அதாவது ஐந்தரை இன்ச். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பிலும் அதே ஐந்து போல்ட், அதே ஐந்தரை இன்ச்தான். செவர்லேயின் 120.65 என்பது நாலே முக்கால் இன்ச். 1959-ல் வந்த பிரிட்டிஷ் மினியின் 101.6 என்பது நாலு இன்ச். ஐரோப்பியக் கண்டத்துக்குள் போனால் மில்லிமீட்டர் ராஜ்யம்: ஃபியட்டுக்கு 98, ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபுக்கு 100, பழைய பீட்டிலுக்கு 205. ஒவ்வொரு எண்ணும் ஒரு பிறப்புச் சான்றிதழ் மாதிரி.

ஏன் எல்லோரும் ஒரே அளவுக்கு வரவில்லை? மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது உடனே புரியும். வீலுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் டயரோடு சேர்கிறது, இன்னொரு பக்கம் காரின் ஹப்போடு சேர்கிறது. டயர் கம்பெனி எல்லா காருக்கும் டயர் விற்க வேண்டும். அதனால் அந்தப் பக்கம் பொது இடைமுகம் ஆகிவிட்டது. அமெரிக்காவில் இதற்கான சங்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்தது, ஐரோப்பிய அமைப்பு 1964-ல் வந்தது. 12 இன்ச் டயர் என்றால் எந்த கம்பெனி 12 இன்ச் ரிம்மிலும் உட்காரும். ஹப் பக்கம் அப்படியில்லை. கார் கம்பெனி தன் வீலைத் தன் காரில்தான் மாட்டப் போகிறது. அடுத்தவனோடு ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை. அது அவர்களுடைய வீட்டு விவகாரம். கம்பெனி வீலை விட்டு வெளி வீல் வாங்கும்போதுதான் அந்த வீட்டு விவகாரம் நம் தலையில் விழுகிறது.

பொதுப் பக்கத்தை ஒருவர் மாற்றிப் பார்த்த கதையும் உண்டு. டயர் அளவு ஒரு விசித்திரக் கலவை. 145/70 ஆர்12 என்றால் அகலம் மில்லிமீட்டரில், பக்கச்சுவரின் உயரம் சதவீதத்தில், ரிம் இன்ச்சில். 1975-ல் மிஷலின் தன் டி.ஆர்.எக்ஸ். டயரில் ரிம்மையும் மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தது: 365, 390 என்று. பி.எம்.டபிள்யூ., ஃபோர்டு மஸ்டாங் எல்லாம் இதைப் போட்டன. 390 என்பது 15.35 இன்ச். சாதாரண 15 இன்ச் டயரும் அதில் ஏறாது, 16 இன்ச் டயரும் உட்காராது. வேண்டுமென்றே செய்ததுதான், ரிம்மின் வடிவமே வேறு என்பதால் மாற்றிப் போட்டால் ஆபத்து. மற்றவர்கள் பின்தொடரவில்லை, திட்டம் படுத்தது. அந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் இன்று விலை அதிகமான கிளாசிக் டயர் வாங்க வேண்டும், இல்லையென்றால் வீலையே மாற்ற வேண்டும்.

அலாய் வீல் கார் உலகில் பெயர் வாங்கியது பந்தயத்தில். 1924-ல் பிரான்சின் லியோன் நகரில் நடந்த கிராண்ட் பிரீயில் புகாட்டி டைப் 35 வார்ப்பு அலுமினிய வீலோடு இறங்கியது. போருக்குப் பின் அமெரிக்கப் பந்தயக் கார்களுக்கு ஹாலிபிராண்ட் மெக்னீசியம் வீல் செய்தார். அந்த மெக்னீசியத்தின் முதல் எழுத்துகள்தான் நம் மெக்கானிக் கடைகளில் 'மேக் வீல்' என்று இன்னும் வாழ்கின்றன, வீலில் மெக்னீசியமே இல்லாவிட்டாலும்!

பந்தயத்திலிருந்து தெருவுக்கு வந்ததும் வீல் செய்பவர்கள் அந்த வீட்டு விவகாரத்தைச் சமாளிக்க வேண்டியிருந்தது. கடையில் எட்டுத் துளை போட்ட வீல் பார்த்திருப்பீர்கள். நான்கு துளை 100-க்கு, நான்கு துளை 114.3-க்கு. நடுத்துளையையும் பெரிதாக, பெரும்பாலும் 73.1 மில்லிமீட்டராக வைத்துவிடுவார்கள். ஹோண்டாவின் ஹப் 56.1, டொயோட்டாவுடையது 54.1. இடைவெளியை அடைக்க ஒரு வளையம். அந்த வளையம் இல்லாமல் மாட்டினால் வீல் நட்டச்ச நடுவில் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, வேகமெடுத்ததும் ஸ்டீயரிங் உதறலாம்.

இப்போது ஆபத்தான இடத்துக்கு வருவோம். மாட்ட முடிகிற வீல் எல்லாம் பொருந்துகிற வீல் இல்லை. நம் சாலைகளில் ஓடிய ஃபியட் உனோ, பாலியோ இரண்டுக்கும் பி.சி.டி. 98. கடையில் கிடைப்பது 100. இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். முடுக்கினால் முடுங்கிவிடும். ஆனால் போல்ட்டின் கூம்பு துளையில் முழுதாக உட்காராமல் ஒரு பக்கம் மட்டும் கடிக்கும், தண்டு லேசாக வளையும். அந்த வளைவோடு லட்சக்கணக்கான சுற்று சுற்றினால் போல்ட் தளரும் அல்லது உடையும். கூம்பு தனியாக நகரும் சிறப்பு போல்ட்டுகள் இருப்பதே இந்த இரண்டு மில்லிமீட்டருக்காகத்தான். உட்காரும் வடிவமும் ஒன்றல்ல. ஹோண்டாவின் ஒரிஜினல் நட் உருண்டை முகம், வெளி அலாய் வீல்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. பழைய நட்டையே போட்டு முடுக்கினால் பிடிப்பு பெயரளவுக்குத்தான்.

அடுத்தது ஈ.டி. 'ஐன்பிரெஸ்டீஃபெ' என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம். ஹப்பில் ஒட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வெளியே தள்ளியிருக்கிறது என்பதன் அளவு. 1972-ல் வந்த ஆடி 80, பிரேக் ஒரு பக்கம் மட்டும் பிடித்தாலும் வண்டி இழுத்துக்கொண்டு போகாதபடி முன்சக்கர அமைப்பை மாற்றியது. அந்த அமைப்புக்கு ரிம் ஹப்பைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்க வேண்டும், அதாவது ஈ.டி. கூட வேண்டும். முன்சக்கர இயக்கக் கார்கள் பெருகப் பெருக 35, 45 எல்லாம் சாதாரணமாகிவிட்டது. அதற்கு முந்தைய வடிவமைப்புக் காரில் இந்த வீலை மாட்டினால், பி.சி.டி. அச்சாகப் பொருந்தினாலும் டயர் உள்ளே போய் சஸ்பென்ஷனில் உரசலாம்.

கடைசியாக உயரம். 145/70 ஆர்12 டயரின் மொத்த விட்டம் 507.8 மில்லிமீட்டர். அந்த இடத்தில் 13 இன்ச் ரிம்மில் 155/65 போட்டால் 531.7. கிட்டத்தட்ட 4.7 சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது பழைய டயரில் ஓடுவதைவிட மூன்று கிலோமீட்டர் வேகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். மூன்று சதவீதத்துக்குள் நிறுத்துவது நல்லது.

ஆக, பார்க்க வேண்டிய வரிசை இது: பி.சி.டி., நடுத்துளை, போல்ட் அல்லது நட்டின் முகம், ஈ.டி., ரிம்மின் அகலமும் டயரின் விட்டமும். முதல் மூன்றில் 'கிட்டத்தட்ட' என்ற சொல்லுக்கு இடமே இல்லை. நான்காவதிலும் ஐந்தாவதிலும் கொஞ்சம் இடமுண்டு. அதைப் பேப்பரில் கணக்குப் போட்டதோடு நிறுத்தாமல், ஒரே ஒரு வீலை மாட்டி, ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒடித்து, பின்சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து, உரசுகிறதா என்று பார்த்துவிட்டு மற்ற மூன்றுக்குப் பணம் கொடுங்கள்.