செவாலியே ஏறி வந்த குதிரை

பாரிசின் லாச்சப்பலில் மீன் வாங்கப் போன இடத்தில்தான் இந்த வழக்கு தொடங்கியது. கடையில் பழைய சிவாஜி படப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அறக்குளாவைத் துண்டு போட்டுக்கொண்டிருந்த தம்பிக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"தெரியுமே அண்ணை, பிரான்சின்ரை ஆகப் பெரிய வீர விருதை எங்கடை சிவாஜிக்குக் குடுத்தவங்கள். செவாலியே. நெப்போலியன் தொடங்கின விருது."

எனக்குப் பின்னால் நின்றவர் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா. "தப்பு தம்பி," என்றார். "செவாலியேன்றது மெடல் பேரே இல்ல. படியோட பேரு. அதுவும் முதல் படி."

"அப்ப என்னத்துக்கு ஐயா மெட்ராசிலை ரோட்டுக்கே அந்தப் பேரை வச்சிருக்கிறாங்கள்?"

பெரியவர் சிரித்துவிட்டு மீன் பையோடு போய்விட்டார். நான் வீடு இருக்கும் எபினேக்கு ரயில் ஏறினேன். வழியெல்லாம் அந்தச் சொல் கூடவே வந்தது.

பெரியவர் சொன்னதுதான் சரி. 1995இல் சிவாஜி கணேசனுக்குக் கிடைத்தது நெப்போலியனின் லெஜியோன் தொனேர் அல்ல. 1957இல் பிரெஞ்சு அரசு கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்குமென்று ஏற்படுத்திய கலை இலக்கிய வரிசை அது. 2016இல் கமல்ஹாசனுக்குக் கிடைத்ததும் அதுவே. அதன் நாடா பச்சை, நடுவே வெள்ளைக் கோடுகள். லெஜியோன் தொனேரின் நாடா சிவப்பு. இரண்டிலும் ஏறும் முதல் படிக்கு செவாலியே என்று பெயர். குழப்பத்துக்கு அது போதுமே. ஒருவர் கப்டன் ஆனார் என்று கேள்விப்பட்டு, அவர் சேர்ந்த படையின் பெயரே கப்டன் என்று எண்ணிக்கொள்வது போன்றது இது. தமிழ்ப் பத்திரிகைகள் படியின் பெயரை விருதின் பெயராக்கின. சில பத்திரிகைகள் ஆங்கில எழுத்தைப் பார்த்து, பிரெஞ்சுக்காரர் உச்சரிக்காத ஒரு 'ர்'-ஐயும் கடைசியில் ஒட்டி 'செவாலியர்' ஆக்கின. தியாகராய நகரில் தெற்கு போக் சாலை 'செவாலியே சிவாஜி கணேசன் சாலை' ஆனதும் சொல் கல்லில் ஏறிவிட்டது. இனி அதை இறக்க முடியாது.

செவாலியே என்றால் குதிரைமேல் இருப்பவன். பிரெஞ்சில் குதிரை 'ஷெவால்'. அதன் வேர் லத்தீனில் 'கபாலுஸ்'. வேடிக்கை என்னவென்றால், ரோமானியர் போர்க்குதிரைக்கும் தேர்க்குதிரைக்கும் வைத்திருந்த கௌரவமான சொல் 'எக்குவுஸ்'. கபாலுஸ் என்பது பொதி சுமக்கிற, ஏர் இழுக்கிற சாதாரணக் குதிரை. சந்தைப் பேச்சில் இருந்த அந்தச் சொல்தான் பிழைத்து, இத்தாலியில் கவாலியேரே, ஸ்பெயினில் கபாயேரோ, பிரான்சில் செவாலியே என்று மேட்டுக்குடியின் பட்டமாக வளர்ந்தது. எக்குவுஸ் இலக்கணப் புத்தகத்தோடு நின்றுவிட்டது. சொற்களுக்கும் குலம் மாறும் போலிருக்கிறது.

செவாலியேவுக்குத் தமிழில் நேர்ச்சொல் உண்டா? 'குதிரைவீரன்' என்று அகராதி சொல்லும். அதில் பட்டத்தின் வாசனை இல்லை. எனக்குத் தெரிந்து மிகப் பொருத்தமான சொல் 'இராவுத்தர்'. குதிரை ஏறுபவர், குதிரைப்படை வீரர் என்பதுதான் அதன் பொருள். வடமொழி 'ராஜபுத்திர' பிராகிருதத்தில் தேய்ந்து 'ராவுத்த' ஆகித் தெற்கே வந்தது என்பார்கள். அரசன் மகன் என்று பிறந்த சொல் குதிரைக்காரனில் வந்து நின்றிருக்கிறது. பிரான்சில் குதிரைக்காரன் என்று பிறந்த சொல் அரசவைக்குள் போயிருக்கிறது. அருணகிரிநாதர் முருகனையே ராவுத்தன் என்கிறார். மயில் ஏறுபவனுக்கும் அந்தப் பட்டம் பொருந்தியது. இன்று அது தமிழ் முஸ்லிம்களில் ஒரு பிரிவினரின் பெயர். ஆகவே 'செவாலியே சிவாஜி' என்பதை நல்ல தமிழில் 'இராவுத்தர் சிவாஜி' என்று சொன்னால் பிழையில்லை. கேட்பவர்தான் திகைப்பார்.

குதிரையை ஒழித்த புரட்சியின் கதையும் இதில் வருகிறது. 14ஆம் லூயி 1693இல் புனித லூயி வரிசையை ஏற்படுத்தினார். போரில் நின்றவர்களுக்கானது, ஆனால் கத்தோலிக்க அதிகாரிகளுக்கு மட்டும். சிப்பாய் எவ்வளவு வெட்டுப்பட்டாலும் அதன் சிவப்பு நாடா அவன் சட்டைக்கு வராது. புரட்சி வந்தது, பட்டங்களும் நாடாக்களும் போயின. பிரெஞ்சுக் குடியரசில் எல்லாரும் 'குடிமகன்'தான், செவாலியே என்று எவனும் இல்லை.

பத்து ஆண்டு கழித்து, நெப்போலியன் போனபார்ட் மறுபடியும் நாடாவைக் கொண்டுவந்தார். அரசவைப் பெயர் எதையும் தொட அவருக்குத் துணிவில்லை. ரோமில் போய்ப் பெயர் எடுத்தார்: லெஜியோன், ரோமானியப் படைப்பிரிவு. உறுப்பினர்களைப் பதினாறு பிரிவுகளாக்கி, அவற்றுக்கும் ரோமானியப் படையணியின் பெயரையே, 'கொகோர்த்து' என்று வைத்தார். சிலுவை என்று சொன்னால் பழைய நெடி அடிக்கும் என்று 'நட்சத்திரம்' என்றார். முதல் படியில் இருப்பவன் செவாலியே அல்ல, 'லெஜியோனேர்'. இத்தனை ஒப்பனைக்குப் பிறகும் அரசுக் குழுவிலேயே ஒருவர், இவையெல்லாம் முடியாட்சியின் கிலுகிலுப்பைகள் என்றாராம். கிலுகிலுப்பைகளால்தான் மனிதர்களை நடத்திச்செல்ல முடியும் என்று போனபார்ட் பதில் சொன்னதாக ஒரு நினைவுக்குறிப்பு பதிந்து வைத்திருக்கிறது. சட்டமன்றத்தில் 166க்கு 110 என்ற வாக்கில், 1802 மே 19 அன்று சட்டம் நிறைவேறியது. எதிர்த்த 110 பேர் சும்மா எதிர்க்கவில்லை. 1808இல் பேரரசர் நெப்போலியன் தன் லெஜியோனேர்களுக்கு செவாலியே என்ற பட்டத்தைக் கொடுத்தார். பிறகு அரசர்கள் திரும்பி வந்ததும், முதல் படியின் பெயரே செவாலியே ஆகிவிட்டது. கதவு வழியாகத் துரத்திய குதிரை ஜன்னல் வழியாக லாயத்துக்குத் திரும்பியது.

ஒன்று மட்டும் மாறியிருந்தது. 1804 ஜூலை 15 அன்று இன்வலீடில் முதன்முதலாக நட்சத்திரம் சூட்டியபோதும், அடுத்த மாதம் புலோஞ் முகாமில் சூட்டியபோதும், தளபதிக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் ஒரே வரிசையில் இடம் இருந்தது. போர்வீரரோடு விஞ்ஞானிகளும் நின்றார்கள். அந்தக் கலப்பு இன்றும் தொடர்கிறது. 1998இல் உலகக்கோப்பை வென்ற பிரெஞ்சுக் கால்பந்து அணியும் செவாலியேக்கள்தாம். படைவீரருக்கு மட்டுமான பதக்கம் ஒன்று வேண்டும் என்று 1852இல் 'மெதாய் மிலித்தேர்' வந்தது. சிப்பாய்களுக்கும் கீழ்நிலை அதிகாரிகளுக்கும் அது கிடைக்கும். பெரும்படை நடத்திய தளபதிக்கும் அரிதாகக் கிடைக்கும். இடையில் இருக்கும் அதிகாரிக்குக் கிடைக்காது. எனக்கு அந்த விதி பிடித்திருக்கிறது.

இந்த எல்லாவற்றுக்கும் எபினேக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். லெஜியோன் தொனேரின் முதல் பெருஞ்செயலர் போர்வீரர் அல்ல. பெர்னார் ஜெர்மேன் த லாசெப்பேத் என்ற இயற்கை விஞ்ஞானி. பாம்பும் மீனும் திமிங்கிலமும் பற்றிப் புத்தகம் எழுதியவர். 1803இல் அவரிடம் இந்தப் பொறுப்பு வந்தது. யார் லெஜியோனேர், யார் அடுத்த படியான ஒஃபிசியே என்று பதிவேடு பேணியவர் அவர். உயிரினங்களை வகைபிரித்த கை மனிதர்களையும் அடுக்கியது. நெப்போலியன் ஆள் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். அந்த லாசெப்பேத் 1825 அக்டோபர் 6 அன்று பெரியம்மை கண்டு இறந்தது எங்கள் எபினேயில்தான். இங்கிருந்து ஆர்.இ.ஆர். சி வண்டி ஏறினால் இறங்காமலே இன்வலீடும், அதற்கு அடுத்து ஓர்சே அருங்காட்சியக நிறுத்தமும் வரும். அங்கே இறங்கினால் எதிரே சாம் மாளிகை: லெஜியோன் தொனேரின் தலைமையகம். ஒரே தடத்தில் அவருடைய அலுவலகமும் இறந்த ஊரும்.

இன்னொரு தொடர்பை நானே எதிர்பார்க்கவில்லை. வெட்டுப்பலகையில் கிடந்த அறக்குளாவை, தமிழ்நாட்டார் வஞ்சிரம் என்பதை, மீனியலார் 'ஸ்கொம்பெரொமோருஸ் கொமர்சோன்' என்று எழுதுவார்கள். அந்தப் பெயரை வைத்தவர் இதே லாசெப்பேத். இந்தியப் பெருங்கடலைச் சுற்றிய கொமெர்சோன் என்ற தாவரவியலாளரின் குறிப்புகளையும் படங்களையும் வைத்து, பாரிசில் உட்கார்ந்தபடியே 1800இல் பெயரிட்டார். சிவாஜி பற்றி வழக்காடிய தம்பியின் கத்தி, செவாலியேக்களின் முதல் கணக்கப்பிள்ளை பெயர் வைத்த மீனைத்தான் வெட்டிக்கொண்டிருந்தது.

லாச்சப்பலுக்கும் எபினேக்கும் நடுவே சென்-தெனி. ஹெச் வண்டி அங்கேதான் நிற்கும். பசிலிக்காவை ஒட்டிய பழைய மடத்தில், நெப்போலியன் 1809இல் ஏற்படுத்திய லெஜியோன் தொனேர் பெண்கள் பள்ளி இன்றும் நடக்கிறது. பதக்கம் பெற்றவரின் மகள், பேத்தி, பூட்டி படிக்கலாம். பட்டம் இன்று பரம்பரையாக இறங்காது. பள்ளியில் இடம் மட்டும் இறங்குகிறது.

பெண்கள் என்றதும் ஒரு சொல் தடுக்குகிறது. 1851இல் மரி-ஆஞ்செலிக் துய்ஷ்மேன் என்ற பழைய போர்வீராங்கனைக்கு லெஜியோன் தொனேர் கிடைத்தது. முதல் பெண் அவர்தான். அவரும் செவாலியேதான். பெண்பாலில் 'செவாலியேர்' என்று சொன்னால் குழப்பம் வரும். அந்தச் சொல்லுக்கு பிரெஞ்சில் வேறு பொருளும் உண்டு, முத்திரை மோதிரம். மோதிரம் என்றவுடன் தமிழன் நினைக்க வேண்டியது ஏனாதியை. பழந்தமிழ் அரசர் படைத்தலைவருக்குக் கொடுத்த பட்டம் ஏனாதி. அதோடு ஒரு மோதிரம். எட்டி, காவிதி என்று வேறு பட்டங்களும் பொற்பூக்களும் இருந்தன. புறநானூற்றில் ஏனாதி திருக்கிள்ளி என்றொருவர் வருகிறார். புலவர் பாடியது அவருடைய மோதிரத்தை அல்ல, உடம்பு முழுக்க இருந்த வடுக்களை. 'பதக்கம்' நம்மிடம் வெகுகாலம் நகையாகவே இருந்தது. யாழ்ப்பாணத்தில் பதக்கம் சங்கிலி பெண்களின் கழுத்தில் இருந்தது. படையும் பள்ளிக்கூடமும் வந்த பிறகுதான் அது ஆண்களின் நெஞ்சுக்கு இடம் மாறியது.

இந்தியாவின் உச்ச வீரப் பதக்கத்துக்குக் குதிரையும் இல்லை, படியும் இல்லை. பரம வீர சக்கரம்: சக்கரம் என்று பெயர். வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து இந்திய அதிகாரியை மணந்த சாவித்திரி கானோல்கர். ததீசி முனிவரின் எலும்பில் செய்த இந்திரனின் வஜ்ராயுதத்தை அதில் பொறித்தார். 1950 ஜனவரி 26 அன்று ஏற்படுத்தி, 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லும் என்றார்கள். இதுவரை 21 பேர். அவர்களில் 14 பேருக்கு இறந்த பிறகு. சிப்பாயும் மேஜரும் ஒரே வட்டத்தைத்தான் பெறுவார்கள். அந்த 21 பேரில் ஒருவர் தமிழர், மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். இந்திய அமைதிப்படையோடு வந்திருந்த அவர் 1987 நவம்பர் 25 அன்று விழுந்த இடம் யாழ்ப்பாணத்தில் கந்தரோடைப் பக்கம். டில்லியில் அந்தப் பெயரைப் பெருமையாக வாசிக்கிறார்கள். லாச்சப்பலில் வாசித்தால் அறையில் ஒரு மௌனம் வரும். அந்த மாதங்களில் தாயையோ தம்பியையோ இழந்தவர் அந்த அறையில் இல்லாமல் இருக்க மாட்டார். இலங்கை 1981இல் ஏற்படுத்திய உச்சப் பதக்கம் 'பரம வீர விபூஷணய'. அதே பரம, அதே வீர. ஒரே இரண்டு சொற்களை இரண்டு அரசுகள் பதக்கத்தில் பொறித்திருக்கின்றன. இரண்டு பதக்கங்களின் கதையிலும் எங்கள் ஊர்ப்பெயர்கள் வருகின்றன.

திரும்பவும் செவாலியேவுக்கு. பிரெஞ்சில் 'ஓர்துர்' என்பதை ஆணை, ஒழுங்கு என்று மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு 'வரிசை' போதும் என்று தோன்றுகிறது. வரிசை என்றால் அடுக்கு. தகுதி அறிந்து செய்யும் சிறப்பும் வரிசைதான். கலியாணத்தில் சீர்வரிசையும் கோயிலில் முதல் வரிசையும் நமக்குத் தெரியும். அடுக்கையும் சிறப்பையும் ஒருசேரச் சொல்ல பிரெஞ்சுக்காரருக்கு இவ்வளவு நல்ல சொல் கிடைக்கவில்லை.

ஆகவே செய்தி எழுதும் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். தியாகராய நகர்ப் பெயர்ப்பலகையில் கை வைக்க வேண்டாம். அது சிவாஜிக்கு நாம் கொடுத்த வரிசை. அடுத்த தமிழருக்கு அந்தப் பட்டம் கிடைக்கும்போது 'செவாலியே விருது' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். எந்த வரிசையின் செவாலியே என்று சேர்த்து எழுதுங்கள். நாடா பச்சையா சிவப்பா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.