துரைமார் தூண்டில்

எனக்குப் பத்து வயசிருக்கும்போது ஒரு மீன் திருடினேன். அது திருட்டு என்று அப்போது எனக்குத் தெரியாது. எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து, மூங்கில் குச்சியில் நூலைக் கட்டி, குண்டூசியை வளைத்து, அதில் ஒரு மண்புழுவைக் கோத்துத் தண்ணீரில் விட்டிருந்தேன். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கெண்டை மாட்டிற்று. அந்த ஆனந்தம் ஒரு நிமிஷம்கூட நீடிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கை வந்து தூண்டிலைப் பிடுங்கி, முழங்காலில் வைத்து முறித்துப் போட்டது.

"மீன் குத்தகை எடுத்தது உங்க அப்பனாடா? சீட்டு வச்சிருக்கியா?" என்று கேட்டார் குத்தகைக்காரரின் காவலாள்.

தண்ணீர் மழையில் வந்தது. மீன் தண்ணீரோடு வந்தது. புழு எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து வந்தது. இதற்கு நடுவில் சீட்டு எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் என்னோடேயே வளர்ந்தது. பல வருஷங்களுக்குப் பிறகு, ஒரு நாவலுக்காக நீலகிரியின் பழைய சரித்திரத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அதே காவலாளின் குரலைக் கேட்டேன். இந்தத் தடவை குரல் இங்கிலீஷில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்மவர்கள் மீன் பிடித்தால் அது வயிற்றுக்காக, அல்லது சந்தையில் விற்பதற்காக. பையன்கள் வேடிக்கைக்குப் பிடித்தால்கூடக் கடைசியில் அது குழம்புச் சட்டிக்குத்தான் போய்ச் சேரும். வெள்ளைக்காரக் கனவான்களின் விஷயம் வேறு. அவர்களுக்கு மீன் ஓர் எதிராளி. எதிராளியோடு சண்டை போடுவதற்கு ஒரு முறை உண்டு. வலை வீசுவது கேவலம். கூடை வைத்துப் பிடிப்பது அதைவிடக் கேவலம். இறகையும் பட்டு நூலையும் கொண்டு ஈயைப் போல ஒரு பொய்ப் பூச்சியைக் கட்டி, அதை நீர்மேல் நிஜப் பூச்சி வந்து உட்காருவதைப் போலப் போட்டு, மீனை ஏமாற்ற வேண்டும். ஏமாந்த மீன் தப்பித்துக்கொள்ள நியாயமான வாய்ப்பும் கொடுக்க வேண்டும். இத்தனை மரியாதையும் செய்த பிறகு மீனைச் சாப்பிட்டாலும் சரி, சாப்பிடாவிட்டாலும் சரி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர்கள் நாட்டில் ஓடையில் மீன் பிடிக்கும் உரிமை பெரும்பாலும் கரைக்குச் சொந்தக்காரரான நிலப்பிரபுவைச் சேர்ந்தது. அனுமதி இல்லாமல் தூண்டில் போட்ட ஏழைக் குடியானவன் அங்கேயும் குற்றவாளிதான். ஆகவே இங்கே வந்த துரைமார்கள் தங்கள் தூண்டிலை மட்டும் கொண்டுவரவில்லை. அந்த வேலியையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

உதகமண்டலம் அவர்களுக்கு இன்னொரு இங்கிலாந்து. குளிர் இருந்தது, புல்வெளி இருந்தது, மூடுபனி இருந்தது, பளிங்கு போன்ற ஓடைகளும் இருந்தன. ஆனால் அந்த ஓடைகளில் அவர்கள் விரும்பிய மீன் இல்லை. மலை மேட்டு நீரில் இருந்தவை விரல் நீளத்துச் சிறு மீன்கள். இங்கிலாந்து ஓடை என்றால் அதில் டிரவுட் இருந்தாக வேண்டும். புள்ளி புள்ளியாக உடம்பும், குளிர்ந்த நீரில்தான் பிழைப்பேன் என்ற பிடிவாதமும் கொண்ட அந்த மீன் இல்லாத ஊட்டி, அவர்களுக்கு மாப்பிள்ளை இல்லாத கல்யாண வீடு.

1863இல் பிரான்ஸிஸ் டே என்ற ராணுவ டாக்டர் நீலகிரிக்கு டிரவுட்டைக் கொண்டுவர முயன்றார். பிற்பாடு இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிப் பெயர் பெற்றவர் இவர்தான். முயற்சி பலிக்கவில்லை. மீன் முட்டையைக் கடல் கடத்துவது அந்தக் காலத்தில் லேசான காரியமா? ஈரப் பாசியில் முட்டைகளைப் பொதிந்து, பனிக்கட்டியின் நடுவே பெட்டியை வைத்து, உஷ்ண மண்டலத்தைத் தாண்டவேண்டும். அந்த முறையில்தான் 1864இல் நார்ஃபோக் என்ற கப்பலில் ஏற்றி அனுப்பிய முட்டைகள் டாஸ்மேனியாத் தீவுக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தன. நீலகிரிக்கு அந்த அதிர்ஷ்டம் அப்போது கிட்டவில்லை. டிரவுட்டுக்குப் பதில் டென்ச், கார்ப் முதலிய சீமைக் குளத்து மீன்கள்தான் இங்கே பிழைத்தன.

மீன் வரவில்லையே தவிர, சட்டம் வந்துவிட்டது. 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம் ஆரம்பமாயிற்று. மலைக்குக் கீழே சமவெளியில் அது எந்தக் காலம் என்று நினைத்துப் பாருங்கள். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்களே, 1876 முதல் 1878 வரை லட்சக்கணக்கான உயிர்களை வாரிக்கொண்டு போன பஞ்சம், அதன் நடு வேளை. கீழே மனிதர்கள் கஞ்சித் தொட்டிக்கு நடந்துகொண்டிருந்தார்கள். மேலே மானுக்கும் மீனுக்கும் பாதுகாப்பு யோசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. பஞ்சம் முடிந்த மறு வருஷம், 1879இல், சென்னை ராஜதானியின் இரண்டாவது சட்டமாக நீலகிரி வேட்டைப் பிராணிகள் மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று.

அந்தச் சட்டத்தில் ஒரு சொல் என்னை வெகுநேரம் நிறுத்தி வைத்தது. அது காப்பாற்ற நினைத்தது எந்த மீனை? மலையில் ஆதியிலிருந்து இருந்த மீனை அல்ல. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டு, இந்த நீருக்குப் பழகிப்போன மீனை. "குடிபழகிய மீன்" என்று அந்தச் சொல்லை நான் தமிழாக்கிக்கொண்டேன். நேற்றுக் கப்பலில் வந்த மீனுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. அந்த ஓடையிலேயே பிறந்து வளர்ந்த அயிரைக்கும் கெளுத்திக்கும் இடமில்லை. ஓடைக்கரையில் தலைமுறை தலைமுறையாக இருந்த குறும்பருக்கும் இருளருக்கும் என்ன இடம் என்று கேட்பானேன்? தோதவர்களோ மீனே சாப்பிடாதவர்கள். அவர்களுக்கு இந்த ரகளை முழுவதுமே வேடிக்கையாக இருந்திருக்கும்.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் துரைமார்களைத் திட்டி ஒரு கட்டுரையைச் சுலபமாக முடித்துவிடலாம். மனச்சாட்சி விடமாட்டேன் என்கிறது.

ஹென்ரி ஸல்லிவன் தாமஸ் என்று ஒரு சிவில் சர்வீஸ் அதிகாரி. தென் கன்னட ஜில்லாவில் கலெக்டராக இருந்தவர். தூண்டில் பைத்தியம். 1873இல் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் வெள்ளைக்கார வேட்டைக்காரர்களுக்குப் பல காலம் வேதமாக இருந்தது. அதே மனிதர் அதற்குச் சில வருஷங்கள் முன்னால் ஜில்லாவின் மீன் வளத்தைப் பற்றி ஒரு அறிக்கையும் எழுதினார். மழைக்காலத்தில் முட்டையிட மேலேறும் மீனை மறித்துப் பிடித்தால், கொசுவலை போன்ற கண்ணுள்ள வலையால் குஞ்சுகளை வாரினால், நீரில் நஞ்சைக் கலந்தால், அடுத்த வருஷம் ஜனங்களுக்கே மீன் இருக்காது என்பது அவருடைய கட்சி. நம்மால் மறுக்க முடியுமா? காக்காய்க்கொல்லி விதையை இடித்து மடுவில் போட்டால் மீன்கள் மயங்கி மிதக்கும் என்பது நம் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி. ஒரு வேளைக் குழம்புக்காக மடு முழுவதும் சாகும்.

நஞ்சை விடப் பொல்லாதது பிறகு வந்தது. 1867இல் நோபெல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். பாதை போடவும், ரயிலுக்கு மலையைக் குடையவும், கிணறு வெட்டவும் வந்த வெடி சீக்கிரமே ஆற்றுக்கும் வந்து சேர்ந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்த நாகரிகமே அதைத் தடுக்கவும் வேண்டியதாயிற்று. 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. நீரில் வெடி வைத்தாலும் நஞ்சு கலந்தாலும் இரண்டு மாசம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம். வலைக்கண் அளவையும், நிலையாக ஓடையில் கட்டும் மீன்பொறிகளையும் பற்றி விதி செய்யும் அதிகாரம் மாகாண சர்க்கார்களுக்கு விடப்பட்டது. இரண்டு வருஷம் வரை ஒரு நீர்நிலையில் மீன் பிடிப்பதையே நிறுத்தி வைக்கவும் அதில் இடம் இருந்தது. டாக்டர் டே 1873இலேயே நன்னீர் மீன்களைப் பற்றி நாடு முழுவதற்கும் அறிக்கை கொடுத்து, இப்படி ஏதாவது செய்யுங்கள் என்றார். சர்க்கார் அசைந்து கொடுக்க 24 வருஷம் ஆயிற்று.

இந்த இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. 1897 சட்டம் "எப்படிப் பிடிக்கிறாய்?" என்று கேட்டது. வெடி வைத்தவன் துரையானாலும் குப்பனானாலும் குற்றம் குற்றம்தான். லைசென்ஸ் என்ற சீட்டு கேட்டதோ வேறு கேள்வி: "நீ யார்?"

ஊட்டி டிரவுட்டின் கதையே இதற்குச் சாட்சி. 1905இல் ஸர் பிரெடெரிக் நிக்கல்ஸன் சென்னை ராஜதானியின் மீன்துறைக்கு அடிக்கல் நாட்டினார். ஏழை மீனவர்களின் வறுமையில் உண்மையான அக்கறை உள்ள மனிதர். அந்தத் துறைக்கு மீன் வளர்ப்பு நிபுணராக வந்த ஹெச். ஸி. வில்ஸன் அவலாஞ்சியில் 1907இல் ஒரு குஞ்சுப் பண்ணை அமைத்தார். இலங்கை, ஜெர்மனி, நியூஸிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து முட்டைகள் வந்தன. 1909–10 வாக்கில் வானவில் டிரவுட் நீலகிரியில் நிலைகொண்டது. சட்டம் மாலையும் கையுமாகக் காத்திருந்து 30 வருஷம் கழித்து மாப்பிள்ளை வந்து சேர்ந்தார்.

அப்புறம் டிரவுட் ஓடைகளுக்கே உரிய ஆசாரங்கள் தொடங்கின. லைசென்ஸ் வேண்டும், தூண்டில்தான் போடலாம், பொய்ப் பூச்சிதான் கட்டலாம், இனப்பெருக்கக் காலத்தில் ஓடைக்கு ஓய்வு, சிறு மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனைதான். மீனைக் காப்பாற்ற ஒவ்வொன்றும் நல்ல விதி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கறுப்பு மனிதன் பிடிக்கக் கூடாது என்று 1879 சட்டம் எழுதி வைக்கவும் இல்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. சீமைத் தூண்டிலும், பட்டுக் கயிறும், பெட்டி நிறையப் பொய்ப் பூச்சியும், லைசென்ஸ் பணமும், ஓடைக்கரையில் ஒரு நாளைக் கழிக்கும் ஓய்வும் யாரிடம் இருந்தன? துரைக்கு வழி காட்டியவரும் அவருடைய மீன்கூடையைச் சுமந்தவரும் உள்ளூர்க்காரர். அதே ஓடையில் அவரே குச்சியும் புழுவுமாக உட்கார்ந்தால் திருடர்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நண்பரோடு அவலாஞ்சிக்குப் போயிருந்தேன். மலை சரிந்து விழுந்ததால் வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் அது. சோலைக்கு நடுவே தண்ணீர் சலசலத்துக்கொண்டு ஓடிற்று. "ஸார், இந்த மீனுக்காக எத்தனை கப்பல், எத்தனை சட்டம்! அது என்னமோ நம்ம ஊர் மீன் மாதிரியே நிம்மதியா நீந்துது பாருங்க" என்றார் நண்பர். வாஸ்தவம். மீனின் பேரில் என்ன தப்பு?

ஆனால் என் மனசு அந்த ஓடையை விட்டுக் கீழே இறங்கிப் போயிற்று. மலைக்கு வடக்கே, காவேரிப் படுகையில், மஹசீர் என்ற பெருங்கெண்டை உண்டு. முதுகில் திமில் போலத் தூக்கிய அந்த மீன் துரைமார்களின் கனவு. 1919இல் ரிவெட் கார்னாக் என்பவர் காவேரியில் 119 பவுண்டு மஹசீர் ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார். 1946இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் கபினியில் 120 பவுண்டு மீனைப் பிடித்து அதையும் மிஞ்சினார். நிறையைப் பவுண்டு சுத்தமாக எழுதி வைத்தார்கள், படம் பிடித்தார்கள், பெருமைப்பட்டார்கள். ஆனால் அது எந்த இனம் என்று யாரும் தீர்த்துச் சொல்லவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் சும்மா இருக்கவில்லை. 1970களிலிருந்து லோனாவ்லாப் பண்ணையில் வளர்ந்த வேறொரு மஹசீர் இனத்தின் குஞ்சுகளைக் காவேரியில் விட்டோம். மறுபடியும் குடிபழகிய மீன்! அணைகளும் வெடியும் ஒரு பக்கம் நெருக்க, வந்த மீன் இன்னொரு பக்கம் இடம் பிடித்துக்கொண்டது.

2018இல்தான் விஞ்ஞானிகள் அந்தத் திமில் மஹசீர் இன்ன இனம் என்று நிச்சயப்படுத்தினார்கள். இந்திய மீனியல் அறிஞர் ஒருவரைக் கௌரவித்து முன்பே பெயரிடப்பட்டிருந்த இனம்தான் அது. அதே வருஷம், அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களின் பட்டியலிலும் அது சேர்ந்தது. ஜாதகம் எழுதிய கையோடு நோயாளியின் பெயரையும் எழுதிய மாதிரி. இன்று அது மிஞ்சியிருக்கும் சில இடங்களில் ஒன்று மோயாறு. மோயாறு ஓடுவது எங்கே? 1879இல் சீமை மீனுக்குச் சட்டம் போட்ட அதே நீலகிரியின் காலடியில்.

எங்கள் ஊர்க் காவலாளை இப்போது நான் கோபத்தோடு நினைப்பதில்லை. அவர் தம் எஜமானரின் குத்தகைப் பணத்துக்குக் காவல் நின்றார். கண்மாய்க்கு ஒரு காவல் வேண்டும் என்பதும் நிஜம். இல்லாவிட்டால் யாராவது ஒருவன் ஒரே ராத்திரியில் நஞ்சைக் கலந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போவான். ஆனால் காவலுக்கு நிற்கிறவர்கள், அன்றைய துரைமார்களானாலும் இன்றைய நாமானாலும், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "சீட்டு வச்சிருக்கியா?" என்பதல்ல அது.

"மீன் இருக்கிறதா?" என்பது.