தலைக்கு ஒரு ஓட்டு

பிரேஸிலை உங்களுக்குத் தெரியும். ஐந்து முறை உலகக் கோப்பை ஜெயித்த தேசம். இருபது கோடிக்கு மேல் ஜனத்தொகை. மாண்ட்செராட் தெரியுமா? கரீபியன் கடலில் ஒரு பொட்டுத் தீவு. எரிமலை வெடித்து, தலைநகரமே சாம்பலுக்கு அடியில் போய்விட்டது. இன்று மொத்த ஜனமும் ஐயாயிரம் பேர்கூடத் தேறமாட்டார்கள். நம் ஊரில் ஒரு பெரிய காலேஜில் இதைவிட அதிகம் பேர் படிப்பார்கள்.

உலகக் கால்பந்தை ஆளும் ஃபிஃபாவுக்குத் தலைவர் தேர்தல் வருகிறது. பிரேஸிலுக்கு எத்தனை ஓட்டு? ஒன்று. மாண்ட்செராட்டுக்கு? அதுவும் ஒன்றுதான்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கம்பெனி என்றால் எத்தனை ஷேரோ அத்தனை ஓட்டு. கூட்டுறவுச் சங்கம் என்றால் தலைக்கு ஒன்று. நூறு ஷேர் வைத்திருப்பவரும் ஒரே ஷேர் வைத்திருப்பவரும் சமம். ஃபிஃபா ஒரு கம்பெனி மாதிரி சம்பாதிக்கும் கூட்டுறவுச் சங்கம். அதன் பெருமை, அசிங்கம் இரண்டுக்குமே வேர் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

கதை 1904 மே மாதம், பாரிஸில் ஆரம்பிக்கிறது. ஃபிரான்ஸ், பெல்ஜியம், டென்மார்க், நெதர்லாந்து, ஸ்பெயின், ஸ்வீடன், ஸ்விட்சர்லாந்து. ஏழே உறுப்பினர்கள். அத்தனையும் ஐரோப்பா. உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர்களாக இருந்தவரை, தலைக்கு ஒரு ஓட்டு என்பது யாருக்கும் உறுத்தவில்லை. பங்காளிகளுக்குள் என்ன பாகுபாடு?

பிறகு கண்டத்துக்குக் கண்டம் தனித்தனிக் கூட்டமைப்புகள் வந்தன. முதலில் தென் அமெரிக்கா, 1916ல். 1954ல் ஐரோப்பாவும் ஆசியாவும். 1957ல் சூடான் தலைநகர் கார்ட்டூமில் ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு பிறந்தது. எகிப்து, சூடான், எத்தியோப்பியா, தென்னாப்பிரிக்கா என்று நாலு பேர். அந்த வருடமே ஆப்பிரிக்கக் கோப்பை நடத்தினார்கள். ஆனால் ஆடியது மூன்று அணிகள்தான். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த அணியை அனுப்பத் தென்னாப்பிரிக்கா தயாராக இல்லை. அப்படியென்றால் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நாலு பேர் உள்ள சங்கத்தில் ஒருவரை வெளியே நிறுத்த எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

1961ல் ஃபிஃபா தலைவராக வந்தவர் சர் ஸ்டான்லி ரௌஸ். இங்கிலாந்துக்காரர். முன்னாள் பள்ளி ஆசிரியர், பெயர்பெற்ற ரெஃப்ரி. கால்பந்தின் சட்டப் புத்தகத்தை 1938ல் திருத்தி எழுதியவர். பணத்தாசை பிடித்தவர் என்று பெயரெடுத்தவரல்லர். கனவான். அந்தக் கனவானுக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. உலகம் மாறிக்கொண்டிருந்தது. 1960ல் மட்டும் பதினேழு ஆப்பிரிக்க தேசங்கள் சுதந்தரம் வாங்கியிருந்தன. ரௌஸோ, விளையாட்டில் அரசியல் கூடாது என்று சொல்லிக்கொண்டு, தென்னாப்பிரிக்காவின் மீதிருந்த தடையை 1963ல் நீக்கினார். மறு வருடமே டோக்கியோவில் கூடிய மாநாடு திரும்பத் தடை போட்டது. காரணம், ஓட்டு. அதற்குள் ஆப்பிரிக்க, ஆசியக் கைகள் கணிசமாக உயர ஆரம்பித்திருந்தன.

அடுத்தது 1966 உலகக் கோப்பை. மொத்தம் 16 இடங்கள். போட்டியை நடத்தும் இங்கிலாந்தையும் சேர்த்து ஐரோப்பாவுக்கு 10. தென் அமெரிக்காவுக்கு 4. வட, மத்திய அமெரிக்கா, கரீபியன் பகுதிக்கு 1. மிச்சம் ஒரே இடம். அதை ஆப்பிரிக்கா, ஆசியா, ஓஷியானியா மூன்றும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும்! ஆப்பிரிக்கா முழுவதையும் ஜெயித்துவிட்டு வந்தாலும் நேரே லண்டனுக்குப் போக முடியாது. அந்தப் பக்கம் ஜெயித்து வருபவரோடு இன்னொரு முறை மோதவேண்டும்.

முடியாது என்றார்கள். கானாவின் அதிபர் குவாமே நிக்ரூமாவின் ஆதரவோடு அவரது விளையாட்டுத் துறை இயக்குநர் ஓஹீன் ஜான் முன்னால் நின்றார். எத்தியோப்பியாவின் யிட்னெகாச்சூ டெஸ்ஸெமா தோள் கொடுத்தார். விண்ணப்பித்திருந்த ஆப்பிரிக்க தேசங்கள் மொத்தமாக விலகிக்கொண்டன. ஃபிஃபா அபராதம் போட்டது. அவர்கள் அசரவில்லை.

அந்த ஒற்றை இடத்தில் வட கொரியா போய் இத்தாலியையே வீட்டுக்கு அனுப்பியது தனிக்கதை. நமக்கு முக்கியம் வேறு. அந்த உலகக் கோப்பையில் அதிக கோல் போட்டவர் யூசேபியோ. ஒன்பது கோல்கள். பிறந்தது மொஸாம்பிக்கில். போட்டிருந்தது போர்ச்சுகல் சட்டை. ஆப்பிரிக்கா வரக்கூடாது. ஆப்பிரிக்கன் காலனி சட்டை மாட்டிக்கொண்டு வரலாம்.

புறக்கணிப்பு பலித்தது. 1970 போட்டியில் ஆப்பிரிக்காவுக்கென்று முழுசாக ஓர் இடம் ஒதுக்கினார்கள். மொராக்கோ போனது. அதற்கு முன்னால் 1934ல் எகிப்து வந்து ஒரே ஆட்டம் ஆடிவிட்டுப் போனதோடு சரி.

இதையெல்லாம் தூர இருந்து கவனித்துக்கொண்டிருந்தார் ஒரு பிரேஸில்காரர். ஜோவா ஹாவலாஞ்ச். தொழிலதிபர். 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸில் நீந்தியவர். ஃபிஃபா தலைவர் பதவிமீது அவருக்கு ஒரு கண். ஓட்டு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். 86 தேசங்கள்! ஐரோப்பியத் தலைவர்கள் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கெல்லாம் போனார். உலகக் கோப்பையில் இடம் கூட்டுகிறேன், இளைஞர்களுக்குத் தனிப் போட்டி நடத்துகிறேன், தென்னாப்பிரிக்காவை உள்ளே விடமாட்டேன் என்றார்.

1974 ஜூன் 11, ஃபிராங்க்ஃபர்ட். இரண்டாவது சுற்றில் ஹாவலாஞ்ச் 68, ரௌஸ் 52. முடிந்தது. ஐரோப்பியர் அல்லாத ஒருவர் ஃபிஃபா தலைவரானது அதுதான் முதல் முறை.

சொன்னதைச் செய்தாரா? செய்தார். 1976ல் தென்னாப்பிரிக்கா வெளியேற்றப்பட்டது. 1977ல் முதல் இளைஞர் உலகப் போட்டி, அதுவும் ஆப்பிரிக்காவில், துனீஷியாவில் நடந்தது. 1982ல் இடங்கள் 24 ஆயின. ஆப்பிரிக்காவுக்கு இரண்டு. அதில் ஒன்றான அல்ஜீரியா, எடுத்த எடுப்பில் மேற்கு ஜெர்மனியை 2-1 என்று தோற்கடித்தது. 1998ல் 32 அணிகள். ஆப்பிரிக்காவுக்கு ஐந்து.

வாக்குறுதிகளுக்குப் பணம்? கோகோ கோலா வந்தது. அடிடாஸ் வந்தது. அடிடாஸின் ஹார்ஸ்ட் டாஸ்லர் 1982ல் ஐஎஸ்எல் என்றொரு நிறுவனம் தொடங்கினார். ஃபிஃபாவின் விளம்பர உரிமைகளை வாங்கி விற்பது தொழில். 2001ல் ஐஎஸ்எல் திவாலானது. திவாலான கம்பெனியின் கணக்குப் புத்தகம் பொல்லாதது. எல்லாவற்றையும் சொல்லிவிடும். 2012ல் வெளியான ஸ்விஸ் ஆவணம் ஒன்றில், 1997ல் மட்டும் ஹாவலாஞ்சுக்கு 15 லட்சம் ஃபிராங்க் போனது பதிவாகியிருந்தது. அந்தக் காலத்து ஸ்விஸ் சட்டப்படி இந்த மாதிரி வர்த்தக லஞ்சம் குற்றமே அல்ல என்பதுதான் வேடிக்கை. 2013ல் கௌரவத் தலைவர் பதவியை விட்டு விலகினார். 2016ல் நூறு வயதில் இறந்துபோனார்.

இப்போது சொல்லுங்கள். கை சுத்தமான கனவான் அநியாயத்துக்குத் துணைபோனார். லஞ்சம் வாங்கியவர் நியாயம் செய்தார். யாரை நல்லவர் என்பீர்கள்?

இதற்கு ஐரோப்பாவில் பலபேர் ரெடிமேடாக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். குட்டி தேசங்களுக்கும் சமமாக ஓட்டுக் கொடுத்ததுதான் வியாதி. ஏழை ஓட்டு, விலைக்குப் போகும் ஓட்டு. பார்க்க சரி மாதிரிதான் இருக்கும். இன்று ஃபிஃபாவில் 211 உறுப்பினர்கள். ஐரோப்பா 55, ஆப்பிரிக்கா 54, ஆசியா 46, வட, மத்திய அமெரிக்கா, கரீபியன் 35, ஓஷியானியா 11. பிரேஸிலும் அர்ஜெண்டினாவும் இருக்கிற தென் அமெரிக்கா வெறும் 10. தீவுகளை வளைத்தால் தேர்தலை வளைக்கலாம்தான். 2011 மே மாதம் டிரினிடாடில் அது நடக்கவும் செய்தது. தலைவர் தேர்தல் நெருங்கும் சமயத்தில், கரீபியன் கால்பந்து நிர்வாகிகளுக்கு ஆளுக்கொரு கவர் நீட்டப்பட்டது. உள்ளே 40,000 டாலர் ரொக்கம்.

ஆனால் விஷயம் எப்படி வெளியே வந்தது தெரியுமா? பஹாமாஸ் பிரதிநிதி கவரைப் பிரித்தார். நோட்டுக் கட்டுகளைப் போட்டோ எடுத்துக்கொண்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பஹாமாஸும் குட்டித் தீவுக் கூட்டம்தான். நாலே வருடம் கழித்து, 2015 மே மாதம், ஜூரிச் ஹோட்டலில் விடியற்காலை போலீஸ் நுழைந்து ஃபிஃபா பிரமுகர்களை அள்ளிக்கொண்டு போனதே, அதில் ஒருவர் ஹோஸே மரியா மாரின். பிரேஸில் கால்பந்துக் கூட்டமைப்பின் முன்னாள் தலைவர். 2017ல் நியூயார்க் ஜூரிகள் அவரைக் குற்றவாளி என்றார்கள். ஐந்து கோப்பை ஜெயித்த தேசம்!

ஆக, கை நீட்டுவதற்கும் தேசத்தின் சைஸுக்கும் சம்பந்தமில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பணம் காணாமல் போனால் என்ன செய்வீர்கள்? பெட்டியைத் திறந்து தணிக்கை செய்வீர்கள். ஒரே ஒரு ஷேர் வைத்திருக்கும் உறுப்பினரின் ஓட்டைப் பிடுங்கமாட்டீர்கள். ஏனென்றால் அவரிடம் இருப்பதே அது ஒன்றுதான்.

1966ல் ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு முழு இடம்கூடக் கிடையாது. 2022ல் மொராக்கோ அரையிறுதியில் ஆடியது. 2026 போட்டிக்கு 48 அணிகள் என்று முடிவானபோது, ஆப்பிரிக்காவுக்கு நேரடியாக ஒதுக்கப்பட்ட இடங்கள் ஒன்பது. யாரும் மனமிரங்கிக் கொடுத்ததல்ல. கை தூக்கி, எண்ணி, வாங்கியது.