புகழுரைக்குள் ஒரு கூட்டம்

ஆங்கில நூல் மதிப்புரையொன்றைப் படித்துக் கொண்டிருந்தபோது 'பனெஜிரிக்' என்ற சொல் எதிர்ப்பட்டது. அகராதியைப் புரட்டினேன். புகழுரை, அதிலும் அளவு கடந்த புகழுரை என்றிருந்தது. சொல்லின் வேரைத் தேடிப் போனபோதுதான் வியப்புக் காத்திருந்தது. அங்கே புகழ் என்ற பொருளே இல்லை!

கிரேக்க மொழியில் 'பான்' என்றால் எல்லாம். 'அகிரிஸ்' என்றால் கூட்டம். இரண்டும் சேர்ந்த 'பனேகிரிஸ்', மக்கள் யாவரும் திரளும் பெருவிழாவைக் குறித்தது. ஒலிம்பியா விழா அத்தகையது. அங்கு பல நகரத்தார் முன்னிலையில் ஆற்றத்தக்க உரையே 'பனேகிரிகோஸ்'.

கி.மு. 380 அளவில் ஐசோகிரட்டீஸ் இப்பெயரில் ஓர் உரை எழுதினார். ஏதென்ஸ் நகரை அதில் வாயாரப் புகழ்கிறார். ஆனால் புகழ்வது மட்டும் அவர் நோக்கமன்று. தமக்குள் போரிட்டு அழியும் கிரேக்கர் பகை மறந்து, பாரசீகத்துக்கு எதிராக ஒன்றுபட வேண்டும் என்பதே அவர் வேண்டுகோள்.

ரோமாபுரியில் கதை மாறியது. கி.பி. 100இல் கொன்சல் பதவியேற்ற இளைய பிளினி, பேரரசர் ட்ராஜனுக்குச் செனற் சபையில் நன்றியுரை கூறினார். பின்னர் அதனை விரித்தெழுதி, நண்பர்களுக்கு மூன்று நாட்கள் வாசித்துக் காட்டினார். கூட்டத்துக்குரிய சொல் தனியொருவருக்குரியதாயிற்று. எனினும், இனி வரும் அரசருக்கு நல்வழி காட்டுவதும் தம் எண்ணமென்று பிளினி கடிதமொன்றில் குறிப்பிடுகிறார். புகழுக்குள் ஒரு புத்திமதி!

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் மிலான் நகரில் சொற்கலை ஆசிரியராக இருந்தார் அகுஸ்தீனார். பேரரசரைப் புகழ்ந்துரைக்க வேண்டிய வேளை வந்தது. தாம் சொல்லப் போவன பொய்கள். அவை பொய்யென்று அறிந்தவர்களே பாராட்டப் போகிறார்கள். இந்தக் கவலையோடு தெருவில் சென்றவர், குடித்துவிட்டுச் சிரித்து மகிழும் பிச்சைக்காரன் ஒருவனைக் கண்டார். அந்த மகிழ்ச்சிகூடத் தமக்கில்லையே என்று வருந்தியதைத் தம் வாழ்க்கை நூலில் எழுதியிருக்கிறார்.

நேயர்களே, எனக்கும் அப்படியொரு நாள் வாய்த்தது. சிறுகதைத் தொகுதி ஒன்றின் வெளியீட்டு விழாவில், நூலை முழுதும் வாசிக்காமலே புகழ்ந்து தள்ளினேன். நல்ல கைதட்டல். விழா முடிந்ததும் நூலாசிரியர் அருகில் வந்து, "ஐயா, உங்களுக்குப் பிடித்த கதை எது?" என்று கேட்டார். எனக்குப் பேச்சு எழவில்லை.

அன்று மேடையிலிருந்த ஒருவரை மகிழ்விக்கவே பேசினேன். எதிரே ஒரு கூட்டம் இருந்ததை மறந்துவிட்டேன். அந்தச் சொல்லின் வேரில் இருப்பதோ கூட்டம்தான்.