டீசல் வாகனம் திக்கி இழுவை குறைந்தால்: பம்பைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 இல்தான் மீண்டும் வழி திறந்தது. திறந்த பிறகும் புது வாகனத்தின் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. அதனால் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் முப்பது வயது தாண்டிய டீசல் வான்கள் இன்னும் பிள்ளைகளைப் பள்ளிக்கும், நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கும், மரக்கறியைச் சந்தைக்கும் ஏற்றிச் செல்கின்றன. அவற்றில் பல நகை விற்றோ, லீசிங் எடுத்தோ, வெளிநாட்டு உறவினர் அனுப்பிய காசிலோ வாங்கியவை. அப்படியொரு வாகனம் வீதியில் திக்கினால் அன்றைய உழைப்புப் போய்விடும். பிழையான இடத்தைத் திருத்தப் போனால் பல மாத உழைப்புப் போய்விடும். எனக்கு நேர்ந்ததையும் அதில் நான் கற்றதையும் இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது 2சி எஞ்சின் பூட்டிய டொயோட்டா டவுன்ஏஸ் வான். 1974 சிசி, நான்கு சிலிண்டர். டேர்போவும் இல்லை, கணினியும் இல்லை. நான் வாங்கும் முன் பழைய உரிமையாளரின் வளவில் மூன்று வருடம் ஓடாமல் நின்றது. காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும். கிளிநொச்சி நகருக்குள் ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. ஏ9 வீதியில் யாழ்ப்பாணம் நோக்கி 60 இல் போனால், ஆனையிறவு தாண்டி இயக்கச்சியை நெருங்கும்போது குலுங்கித் திக்கத் தொடங்கும். எக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் 30 க்கு இறங்கிவிடும். ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் ஒன்றும் நடக்காதது போல ஓடும். பிறகு பத்துக் கிலோமீற்றரில் மறுபடியும் அதே கதை. ஒருநாள் கிளினிக்குக்கு ஏற்றிச் சென்ற அம்மாவுக்கு அன்றைய நம்பர் தவறிப் போனது.

காட்டிய கராஜில், "பம்ப் போட்டுது, நொசில் நாலும் மாத்த வேணும்" என்றார்கள். வீட்டில் காப்பை அடகு வைக்க எடுத்தும் ஆயிற்று. அந்த நேரத்தில்தான் அயலில் இருக்கும் வயதான மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். "தம்பி, பம்பைக் கழட்டாதை. முதல் அது என்னத்தைக் குடிக்குது எண்டு பாப்பம்" என்றார்.

குறை எப்போது வருகிறது?

அவர் முதலில் கேட்டது இதைத்தான். தேய்ந்த பம்ப் ஐந்து நிமிடம் ஓய்ந்தால் குணமாகாது. பெரும்பாலும் எஞ்சின் சூடான பின் ஸ்டார்ட் எடுக்கவே சண்டை பிடிக்கும். ஓடும்போது திக்கி, நின்றால் தெளிகிறதென்றால் டீசல் வரும் வழியில் ஏதோ அடைக்கிறது. தாங்கிக்குள் இருக்கும் அழுக்கு, உறிஞ்சும்போது வலையில் ஒட்டும். எஞ்சினை நிறுத்தினால் கழன்று கீழே விழும். காலையில் பல தடவை சுற்றித்தான் ஸ்டார்ட் ஆகிறது, ஆனதும் கொஞ்ச நேரம் திக்குகிறது என்றால் குழாயில் காற்றுப் புகுவதைச் சந்தேகிக்கலாம். குளோ பிளக் பழுதானாலும் காலை ஸ்டார்ட் கடினமாகும். ஆனால் எஞ்சின் சூடான பின் இழுவை குறையாது. எல்லா வேகத்திலும் ஒரே தாளத்தில் நடுங்கினால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை.

கான் சோதனை

இந்தப் பழைய எஞ்சின்களில் பம்ப்தான் தாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சி எடுக்கிறது. அதனால் வழியில் எங்காவது ஹோஸ் வெடித்திருந்தாலும் வெளியே டீசல் ஒழுகாமல் உள்ளே காற்று இழுபடும். கண்ணுக்கு ஈரம் தெரியாதபடியால்தான் பலர் பம்பைக் குற்றம் சொல்கிறார்கள்.

சோதனை இதுதான். ஐந்து லீற்றர் கானில் சுத்தமான டீசல் எடுத்து, அசையாமல் கட்டி வையுங்கள். தாங்கியிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி, கானிலிருந்து புதிய பில்டர் ஊடாகப் பம்புக்கு டீசல் போகும்படி மாற்றுங்கள். திரும்பி வரும் ஹோஸையும் கானுக்குள்ளேயே விடுங்கள். பில்டருக்கும் பம்புக்கும் இடையில் ஒரு முழம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஹோஸ் போடுங்கள். டவுன்ஏஸில் முன் ஆசனத்தைத் தூக்கினால் எஞ்சின் தெரியும். நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு, வேகம் கூட்டி, ஹோஸுக்குள் குமிழி ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு வழக்கமாகக் குறை வரும் தூரத்துக்கு ஒருவர் துணையுடன் ஓடிப் பாருங்கள். பக்கத்தில் யாரும் பீடி, சிகரெட் பற்றக் கூடாது.

எங்கள் வான் கானில் பளை வரை போய்த் திரும்பியது. ஒரு தடவைகூடத் திக்கவில்லை. பம்பும் நொசில்களும் நல்லவை என்பது அன்றே தெரிந்தது. தாங்கியை இறக்கியபோது உள்ளே துரு. உறிஞ்சும் குழாயின் வலையை மூடி, கறுத்த சளி போன்ற படிவு. டீசலுக்கு அடியில் தண்ணீர் நெடுநாள் தேங்கினால் நுண்ணுயிர் வளர்ந்து இப்படியாகும். தாங்கி கழுவி, பில்டரும் பழைய ஹோஸும் கிளிப்பும் மாற்றியதோடு வேலை முடிந்தது. காப்பும் வீட்டிலேயே இருந்தது.

செலவில்லாமல் பார்க்கக் கூடியவை

- திக்கும்போது நிறுத்தி, தாங்கி மூடியைத் திறவுங்கள். காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, பிறகு வாகனம் சரியாக ஓடினால் மூடியின் காற்று வழி அடைத்திருக்கிறது.
- பில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி ஒரு போத்தலில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் கீழே தனியாகப் படியும்.
- பில்டர் மேலுள்ள கைப்பம்பை அமுக்குங்கள். அமுங்கியபடியே நின்றால் தாங்கிப் பக்கம் அடைப்பு. எவ்வளவு அடித்தாலும் இறுகாவிட்டால் காற்று புகுகிறது.
- எயார் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். கிறவல் வீதிப் புழுதி அதை விரைவில் அடைத்துவிடும்.
- ஒருவர் எக்சிலேட்டரை முழுதாக மிதிக்க, பம்பிலுள்ள நெம்பு கடைசி வரை போகிறதா என்று பாருங்கள். கேபிள் இழுபட்டிருந்தாலே இழுவை குறையும்.
- ஓடிவந்து நிறுத்தியதும் சில்லுகளின் அருகே கையைக் கொண்டு செல்லுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்தபடி இருக்கிறது.

புகை சொல்லும் செய்தி

கறுப்புப் புகை என்றால் காற்றுப் போதவில்லை, அல்லது நொசில் தூவாமல் ஒழுக்குகிறது. எஞ்சின் சூடான பின்னும் வெள்ளைப் புகை, கூடவே டீசல் மணம் என்றால் டீசல் எரியாமல் போகிறது: கொம்பிரசன் குறைவு, அல்லது டைமிங் பிழை. 2சி எஞ்சினில் டைமிங் பெல்ட்தான் பம்பையும் சுற்றுகிறது. ஒரு பல் தாவினாலும் இழுவை போய்விடும். நீலப் புகை எஞ்சின் ஒயில் எரிவதைக் காட்டும். ரேடியேட்டர் தண்ணீர் அடிக்கடி குறைந்து, ஓடும்போது குமிழி வந்தால் ஹெட்டையும் கஸ்கட்டையும் பார்க்க வேண்டும்.

ஒரு சிலிண்டர் மட்டும் சந்தேகமென்றால், மெக்கானிக் எஞ்சின் ஓடும்போது நொசில் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். அந்த ஒரு நொசிலைச் சோதித்தால் போதும். நான்கையும் மாற்றத் தேவையில்லை. இதைப் புதிய கொமன் றெயில் எஞ்சின்களில் ஒருபோதும் செய்யக் கூடாது. அவற்றின் குழாயில் அழுத்தம் 1000 பாரையும் தாண்டும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அவற்றை ஸ்கானர் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

மண்ணெண்ணெய்ப் பழக்கம்

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய மொரிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் எங்களில் பலர் கண்டிருக்கிறோம். அந்தக் கெட்டித்தனம் உயிர் காத்தது. ஆனால் அவை கார்புரேட்டர் எஞ்சின்கள். டீசல் பம்பின் உட்பாகங்களுக்கு டீசலைத் தவிர வேறு மசகு கிடையாது. மண்ணெண்ணெய் மெல்லியது, உலோகத்தோடு உலோகம் உரசித் தேயும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாகும் வரை விலைக்காகக் கலந்தவர்கள் உண்டு. டீசல் கிடைக்காமல் கலந்தவர்களும் உண்டு. அந்த வருடங்களில் ஓடிய வாகனத்தை வாங்குவதானால் நன்றாகச் சூடேறும்வரை ஓடி, நிறுத்தி, உடனே மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். அப்போது திணறினால் பம்பைச் சந்தேகிக்கலாம்.

கராஜில் என்ன சொல்வது?

கணவரை இழந்து, வானைச் சாரதியிடம் கொடுத்து ஓடவிடும் பெண்கள் எங்கள் ஊரில் பலர். "பம்ப் போட்டுது" என்று சொன்னால் நம்புவதைத் தவிர வழியில்லை என்று நினைக்கிறார்கள். ஒரு தாளில் இவ்வளவையும் எழுதிக் கொண்டு போங்கள்: குறை எத்தனை கிலோமீற்றரில் வருகிறது, சூட்டிலா குளிரிலா, நின்றால் தெளிகிறதா, புகை என்ன நிறம், கடைசியாக எப்போது பில்டர் மாற்றியது. பிறகு, "கானில் ஓடிப் பார்த்தீங்களா அண்ணை?" என்று கேளுங்கள். அதைச் செய்யாமல் பம்பைக் கழற்ற விடாதீர்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேட்டு வாங்கவும் மறக்காதீர்கள்.