விரிமுனை எழுத்தும் பெங்களூரின் கற்களும்

1950ஆம் ஆண்டு புளோரன்ஸ் நகரின் சாந்தா குரோச்சே தேவாலயத்துக்குச் சென்ற ஹெர்மன் சாப்ஃப், தரையில் பதித்திருந்த கல்லறைப் பலகைகளின் எழுத்தழகில் மனம் பறிகொடுத்தார். கையில் தாள் இல்லை. 1,000 லிரா நோட்டின் மீதே வரைந்துகொண்டார். 1958இல் வெளிவந்த ‘ஆப்டிமா’ எழுத்துருவின் தொடக்கம் அதுவே. அதன் கோடுகளின் முனையில் தனியே ஒட்டிய செரிஃப் இல்லை. கோடே முனையை நெருங்க நெருங்க மெல்ல அகலும். அதற்கு முன்பே பெர்தோல்டு வோல்பெ, வெண்கலப் பலகையில் எழுத்தைச் சுற்றியுள்ள உலோகத்தைச் செதுக்கி நீக்கும் தம் முறையிலிருந்து ‘ஆல்பர்டஸ்’ எழுத்துருவை உருவாக்கியிருந்தார்.

இவ்விரண்டும் பெயர்களைப் பொறிக்கவும் பயன்பட்டன என்பது தற்செயலன்று. வாஷிங்டனின் வியட்நாம் போர் நினைவுச் சுவரில் ஆப்டிமா. இலண்டன் மாநகரின் தெருப் பலகைகளில் ஆல்பர்டஸ். கல்லின் நினைவு அவ்வடிவங்களில் தங்கியிருக்கிறது. சிறிய அளவில், அதுவும் தெளிவு குறைந்த பழைய கணினித் திரைகளில், ஆப்டிமாவின் நுண்ணிய வளைவு காணாமற்போனது.

இதே வடிவத்தைத் தமிழுக்குக் கொண்டுவர விரும்புவோர் எந்தக் கல்லைப் பார்ப்பது? பெங்களூரிலேயே விடை தேடலாம். பேகூரில் ‘பெங்களூரு’ என்ற பெயரைத் தாங்கிய, ஏறத்தாழ கி.பி. 890ஐச் சேர்ந்த கன்னட வீரக்கல் இருக்கிறது. டோம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலிலும் மடிவாளா சோமேசுவரர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. தென்னிந்தியப் பிராமியின் எழுத்து உச்சியில் இருந்த சிறு தடிப்பே கன்னடத்தின் ‘தலெகட்டு’ ஆக வளர்ந்தது. தமிழ் அந்தத் தலைக்குறியை ஏற்கவில்லை. ஆகவே ட, ப, ம, ய ஆகியவற்றின் நிமிர்ந்த கோட்டு உச்சியில் விரிவுக்கு இடமுண்டு. ண, ன, வ ஆகியவற்றின் தொடக்கமோ சுழிக்குள் மறைந்துவிடுகிறது. இலத்தீன் எழுத்தைப் பார்த்து எல்லா முனைகளையும் அகலமாக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று.

இங்கே சான்று குறித்த சிக்கல் ஒன்றும் உண்டு. நாம் பெரும்பாலும் கல்லைப் பார்ப்பதில்லை, மைப்படியைப் பார்க்கிறோம். ஈரத்தாளைப் பள்ளத்துக்குள் தட்டி இறக்கி மை ஒற்றும்போது மேற்பரப்பு கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். ஆழம் பதிவாகாது. ‘வி’ வடிவப் பள்ளத்தில் உளி ஆழமாக இறங்கிய இடத்தில் கோடு அகலும். விளிம்பு தேய்ந்தாலும் அகலும். மைப்படியில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எட்வர்டு கேட்டிச் 1968இல் ரோமானியச் செரிஃப் உளியில் அன்று, தட்டைத் தூரிகையில் பிறந்தது என்று வாதிட்டதையும் சேர்த்தால், முனையின் அகலத்துக்கு மூன்று காரணங்கள் ஆகின்றன.

பெங்களூர் மித்திக் சொசைட்டி இந்நகரின் கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் பதிவு செய்துவருகிறது. வாசகத்தைப் படிக்கவே அப்பதிவுகளை நாடுகிறோம். முனைகளின் ஆழத்தை அளக்கவும் அவை உதவும். எழுத்துரு வரையும் மாணவர்கள் ப, ட இரண்டிலிருந்து தொடங்கலாம்: அகலும் இடத்தில் பள்ளமும் ஆழமானால் அது உளி செய்தது; ஆழம் மாறாமல் விளிம்பு மட்டும் மழுங்கியிருந்தால், பெரும்பாலும் மழையும் கைகளும் செய்தது.