காலண்டர் அட்டை போட்ட நியூயார்க்

அந்தப் புத்தகத்தை 60 ரூபாய்க்கு வாங்கினேன். கடைக்காரர் 80 சொன்னார். முதுகு விரிசல் விட்டிருப்பதைக் காட்டியதும் இறங்கி வந்தார். 2012 ஏப்ரல், சென்ட்ரலை ஒட்டிய அல்லிக்குளம் வளாகம். மூர் மார்க்கெட் 1985 மே 30 அன்று எரிந்தபோது கடையிழந்த பழைய புத்தகக்காரர்களுக்குக் கிடைத்த மாற்றிடம் அது. மார்க்கெட் போய்விட்டது, பெயர் போகவில்லை. ஆவடி, திருவள்ளூர் யூனிட் ரயில்கள் புறப்படும் நிலையத்துக்கு ரயில்வே இன்றும் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் என்றுதான் போர்டு வைத்திருக்கிறது. இல்லாத கடைத்தெருவிலிருந்து ரயில் ஏறித்தான் நாங்கள் வீடு திரும்புகிறோம்.

அண்ணன் மகள், எங்கள் வீட்டுச் சின்னவள், அப்போது பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்தாள். லீவில் இங்கிலீஷ் கதைப் புத்தகம் ஏதாவது படித்தால் நல்லது என்று டியூஷன் டீச்சர் சொல்லியிருந்தார். குவியலில் இது மேலாகக் கிடந்தது. அட்டையில் சட்டை போடாத ஒரு பையன், உடம்பெல்லாம் பச்சை குத்தின மாதிரி கோடுகள், கீழே வானளாவிய கட்டடங்கள். ஏதோ போலீஸ் கதை என்று நினைத்தேன். கசாண்ட்ரா கிளேர் எழுதிய ‘சிட்டி ஆஃப் போன்ஸ்’, 2007-இல் வந்தது, ‘தி மார்ட்டல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ்’ என்ற தொடரின் முதல் பாகம் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். தொடர்கதையின் முதல் பாகத்தை மட்டும் வாங்கிக்கொடுப்பது ஒரு பிள்ளைக்குச் செய்யக்கூடிய நல்ல காரியம் அல்ல.

என் கைக்கு வருமுன்பே அதற்கு ஒரு வாழ்க்கை இருந்தது. முதல் பக்கத்தில் ஊதா மையில் வட்ட முத்திரை, ஏதோ ஒரு லெண்டிங் லைப்ரரியுடையது, பெயர் பாதி அழிந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் தேதிச் சீட்டைக் கிழித்தெடுத்த பசைத் தடம். நடுவில் ஓரிடத்தில் பக்க ஓரமாகப் பென்சிலில், குண்டு குண்டான தமிழ் எழுத்தில், ‘பாவம் சைமன்’ என்று எழுதியிருந்தது. கதாநாயகி கிளாரியைச் சின்ன வயதிலிருந்து நேசித்து, அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் கூடவே அலையும் பையன்தான் சைமன். யாரோ ஒருத்தி அவனுக்காக இரங்கியிருக்கிறாள். எழுத்தின் வளைவை வைத்துப் பெண் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

அதற்கும் முன்னால் போனால் நியூயார்க்கின் ஈஸ்ட் வில்லேஜில் ஒரு பச்சை குத்தும் கடை. சிநேகிதி ஒருத்தி கிளேரை அங்கே கூட்டிப்போய்க் கூரையைக் காட்டினாளாம். கூரையில் கறுப்புப் பெயிண்டில் காலடித் தடங்கள். ஏதோ மாயச் சண்டை தலைகீழாக நடந்து முடிந்த இடம் போல அவருக்குத் தோன்றியது, கதை அங்கே முளைத்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். பேய்களை வேட்டையாடும் ஒரு கூட்டம் நியூயார்க்கிலேயே இருக்கிறது, சாதாரண மனிதர் கண்ணுக்குத் தெரியாது. கிளாரிக்கு மட்டும் தெரிகிறது. வேட்டைக்காரர்களில் ஒருவன் ஜேஸ். அட்டையில் சட்டையில்லாமல் நிற்பவன்.

அந்த அட்டைதான் வீட்டில் முதல் பிரச்சினை. அண்ணி ஒரு பார்வை பார்த்தாள். “இதத்தான் உங்க அத்தை வாங்கிக் குடுத்தாளா?” என்ற கேள்வி சமையலறையிலிருந்து கூடத்துக்கு, எனக்குக் கேட்கிற அளவில் வந்தது. சின்னவள் பேசவில்லை. போன வருஷத்து மாதக் காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள், வெள்ளைப் பக்கம் வெளியே வருமாறு வைத்தாள், மூலைகளை முக்கோணமாக மடித்து உள்ளே சொருகினாள். ஐந்து நிமிஷத்தில் கணக்கு நோட்டு போல ஆகிவிட்டது. உள்பக்கம் இருந்தது வள்ளி தெய்வானை சமேத முருகன் படம். அன்றிலிருந்து முருகனும் ஜேஸும் முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். அதில் அண்ணிக்கு ஆட்சேபம் இல்லை.

படித்தவள் அவள் ஒருத்திதான், கேட்டவள் அம்மா. சின்னவளுக்கு ஆயா. அது மின்வெட்டு வருஷம். ஃபேன் நின்றால் டிவியும் நிற்கும், சீரியல் போகும். ஆயா திண்ணையில் விசிறியோடு உட்கார்ந்து, “எங்க விட்டே?” என்பாள். சின்னவள் அன்று பகலில் படித்ததைத் தமிழில் சொல்லுவாள். புரூக்ளின், புரூக்ளினாகவே இருந்தது. மேக்னஸ் பேன் என்ற மந்திரவாதி ‘மேக்னசு’ ஆனான். அவன் வீட்டு விருந்தில் சைமன் எதையோ குடித்து எலியாகிவிட்ட அத்தியாயத்தை ஆயா மூன்று தடவை சொல்லச் சொன்னாள்.

ஒருநாள் சின்னவள் மாட்டிக்கொண்டாள். வேட்டைக்காரர்களின் மாளிகை பக்கத்திலேயே இருந்தும் மற்றவர்களுக்கு வெறும் பாழடைந்த மாதா கோயிலாகத் தெரிவது எப்படி? ‘கிளாமர்’ என்று புத்தகம் சொல்கிறது. கிளாமர் என்றால் சினிமாவில் வருவது இல்லை ஆயா, அது வந்து, நிஜ உருவத்தை மறைத்து மேலே வேறு ஒரு தோற்றம்...

“சந்தனக் காப்பு மாதிரி,” என்றாள் ஆயா.

எங்கள் ஊர் திருமுல்லைவாயிலின் மாசிலாமணீசுவரர் கோயிலை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். மூலவரை வருஷம் முழுக்கச் சந்தனக் காப்பில்தான் பார்க்க முடியும். சித்திரை சதயத்தை ஒட்டித்தான் களைவார்கள். அதற்கு ஒரு கதை. மன்னன் தொண்டைமான் குறும்பர்களோடு போருக்குப் போனபோது யானையின் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது. வாளால் வெட்டினான். வாள் கொடிக்குள் மறைந்திருந்த லிங்கத்தில் பட்டு ரத்தம் வந்தது. அந்தக் காயத்துக்குத்தான் சந்தனம். மனம் கலங்கித் தன் தலையை வெட்டிக்கொள்ளப் போனவனைத் தடுத்து, சிவன் நந்தியைத் துணைக்கு அனுப்பினார். அதனால் இங்கே நந்தி சாமியைப் பார்த்து உட்கார்ந்திருக்காது, வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். குறும்பர் கோட்டையிலிருந்து வந்ததாகச் சொல்லும் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள் சன்னதி முன் நிற்கின்றன. செடியாக வளரும் எருக்கு தூணாகுமளவு தடித்திருப்பதைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களிடம் புரூக்ளினில் மந்திரவாதி இருக்கிறான் என்று சொன்னால், எந்தத் தெரு என்றுதான் கேட்பார்கள்.

முதல் பாகத்தின் முடிவு ஒரு சதி. கிளாரியும் ஜேஸும் ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள் என்று நமக்கு உறுதியாகத் தெரிந்த பிறகு, வாலண்டைன் என்ற வில்லன் வந்து நீங்கள் இருவருமே என் பிள்ளைகள் என்கிறான். அண்ணன் தங்கை. அத்தோடு புத்தகம் தீர்ந்தது. சின்னவள் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் அட்டை விவகாரமே தேவலை என்றிருந்தது.

ஆயா மட்டும் கலங்கவில்லை. “எவன் சொன்னான்?”

“அந்த வாலண்டைன்தான் ஆயா.”

“பொண்டாட்டிய தூக்கிக்கினு போனவன் பேச்சுடி அது. அவன் சொன்னா நீ நம்பிடுவியா? பொய்யி. எழுதி வெச்சுக்கோ.”

பிறகு, தூங்காமல் கிடந்த பேத்திக்கு ஆயா சுந்தரர் கதையைச் சொன்னாள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். திருவொற்றியூரில் பூக்கட்டும் சங்கிலியாரைப் பார்த்துச் சுந்தரர் மயங்குகிறார். திருவாரூரில் ஏற்கெனவே பரவையார் இருக்கிறார். உன்னைப் பிரியேன் என்று சங்கிலிக்குச் சத்தியம் செய்து தர வேண்டும். சன்னதியில் சத்தியம் செய்தால் கட்டுப்பட்டாக வேண்டுமே என்று, ‘நான் சத்தியம் பண்ணும்போது நீர் போய் மகிழமரத்தில் இரும்’ என்று சிவனிடம் ரகசியமாகக் கேட்டுக்கொள்கிறார். சிவன் சரி என்கிறார். சரி என்றவர், சங்கிலியின் கனவில் போய், மகிழமரத்தடியில் சத்தியம் கேள் என்றும் சொல்லிவிடுகிறார்! சத்தியம் மரத்தடியில் நடக்கிறது. பின்னால் வசந்த காலத்தில் பரவையின் நினைவு வந்து சுந்தரர் ஒற்றியூர் எல்லையைத் தாண்டுகிறார், இரண்டு கண்ணும் போகிறது. பார்வையில்லாமல் தட்டுத் தடுமாறி அவர் வந்து நின்ற ஊர்களில் ஒன்று எங்கள் திருமுல்லைவாயில். இங்கே பாடிய பதிகத்தில் சங்கிலியால் கண் போனதை அவரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார். தொண்டைமான் யானையும் முல்லைக்கொடியும்கூட அதில் வருகின்றன.

சுந்தரர் கதை இதற்கு மேலும் போகிறது. இங்கிருந்து போன வெண்பாக்கத்தில் ஊன்றுகோல் மட்டும் கிடைத்தது. அந்தப் பழைய கோயில் இருந்த இடம் இன்று பூண்டி நீர்த்தேக்கத்துக்குள். காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண். கோபமாகக் கதவடைத்த பரவையிடம் சமாதானம் பேச நள்ளிரவில் திருவாரூர்த் தெருவில் சிவனே தூது நடக்கிறார், அதுவும் இரண்டு தடவை. சேக்கிழார் இதை 12-ஆம் நூற்றாண்டில் பாடிவைத்திருக்கிறார். நகரத்துத் தெரு, காதல், வாக்குத் தவறினால் உடனே பலிக்கும் தண்டனை, யார் கண்ணுக்கும் தெரியாமல் நடமாடும் தெய்வம். நியூயார்க் கதை வந்து இறங்கிய ஊர் இந்தச் சரக்கில் பழகிய ஊர்.

சாமியே இப்படி இரண்டு பக்கமும் பேசுகிற கதையைக் கேட்டு வளர்ந்தவளை ஒரு வாலண்டைன் ஏமாற்ற முடியுமா? அம்மாவின் தர்க்கம் அதுவாகத்தான் இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாம் பாகம் பள்ளித் தோழி ஒருத்தியிடம் கிடைத்தது, ஒரு வாரக் கெடு. அதிலும் அண்ணன் தங்கை முடிச்சு அவிழவில்லை. மூன்றாவது, ‘சிட்டி ஆஃப் கிளாஸ்’, 2013 ஜனவரியில், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் கண்காட்சிக்கு வெளியே நடைபாதையில் மாட்டியது. வாங்கியவள் பஸ்ஸில் ஆரம்பித்தாள், சென்ட்ரலில் நின்றுகொண்டே படித்தாள், பொறுமையில்லாமல் பின்பக்கங்களுக்குத் தாவினாள். லேடீஸ் கம்பார்ட்மெண்ட்டில் கொரட்டூருக்கும் பட்டரவாக்கத்துக்கும் நடுவே “அத்தை!” என்று ஒரு கத்தல். பூக்கூடைக்காரம்மா பயந்தே போனார். “ஆயா சொன்னது சரி அத்தை. பொய்யி!”

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது ஆயா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “நான் அப்பவே சொன்னேன்ல,” என்றாள். அவ்வளவுதான்.

அதன்பின் முதல் பாகம் வீடு தங்கவில்லை. சின்னவளுக்கு அதைத் தனியாகப் படித்திருப்பது தாங்கவில்லை என்று நினைக்கிறேன். அவள் வகுப்பில் நான்கு பேர், பிறகு எங்கள் தெருவில் இரண்டு பேர், பிறகு என் அலுவலகத்தில், அம்பத்தூர் எஸ்டேட்டில் என் பக்கத்து மேஜைக்காரி. காலண்டர் அட்டை இரண்டு தடவை மாறியது. முருகனுக்குப் பிறகு லட்சுமி, அப்புறம் ஒரு நகைக்கடை விளம்பரம். ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் புத்தகம் கொஞ்சம் தடித்து வரும். பஸ் டிக்கெட், ஹேர்பின், ஒருமுறை பல் டாக்டர் சீட்டு. தொடரின் ஆறாவதும் கடைசியுமான பாகம் 2014 மேயில் வந்தது. அதை அவள் சேர்த்த காசில் புதுசாக, முழு விலைக்கு வாங்கினாள்.

2015 டிசம்பர் மழையில் தெருத்தண்ணீர் வாசற்படி தாண்டியது. கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டியில் இருந்த புத்தகங்களில் பலது கூழ். இது மட்டும் நனைந்து உப்பிப்போய், இரண்டு செங்கல் கனத்தில் வெளியே வந்தது. நாலு பக்கத்துக்கு ஒரு தினத்தந்தித் தாளை நுழைத்து வைத்தோம், தாள் ஈரமானால் மாற்றினோம். வெயில் வந்ததும் மொட்டை மாடியில், வடாம் பிழியும் வேட்டிமேல் விரித்துக் காயப்போட்டோம். காய்ந்தது, ஆனால் பசை விட்டுத் தாள் தாளாகப் பிரிந்தது.

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ரசீது புத்தகம், கணக்கு நோட்டு தைக்கும் பைண்டர் ஒருவரிடம் கொண்டுபோனேன். இது நூலில் தைத்த புத்தகம் இல்லை, பசையில் ஒட்டியது, பக்கவாட்டில் துளை போட்டுத்தான் தைக்க முடியும், உள் ஓரத்து எழுத்து கொஞ்சம் மறையும், பரவாயில்லையா என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். மூன்று பக்கமும் கட்டிங் மிஷினில் கொடுத்து நேராக்கினார். சிவப்புக் காலிகோ முதுகு, கறுப்புப் பளிங்குக் காகித அட்டை. சட்டையில்லாத ஜேஸ் அத்தோடு காணாமல் போனான். அண்ணி அதைக் கையில் வாங்கிப் பார்த்து, இப்பத்தான் புத்தகம் மாதிரி இருக்கு என்றாள்.

வெட்டியதில் பென்சில் எழுத்தும் போனது. ‘பாவம் சை’ வரை இருக்கிறது. பக்கத்தை நன்றாக அழுத்தி விரித்தால்தான் வரியின் முதல் வார்த்தை தெரியும். அழுத்தி அழுத்திப் படித்தவர்கள் அதற்குப் பிறகும் ஐந்தாறு பேர் இருப்பார்கள்.

சின்னவள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். மற்றப் பாகங்களைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டாள், முதல் பாகம் அப்போது யாரிடமோ இருந்தது, இங்கேயே தங்கிவிட்டது. அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது.

போன மாதம் எதிர்வீட்டுப் பெண், ஒன்பதாவது படிக்கிறாள், கேட்டாளென்று கொடுத்தேன். மூன்றாம் நாள் ராத்திரி ஒன்பதரைக்கு வாசல் கதவைத் தட்டினாள். கண் சிவந்திருந்தது.

“ஆன்ட்டி, அவங்க நெஜமாவே அண்ணன் தங்கச்சியா?”

எவன் சொன்னான் என்று கேட்க வாய் வந்தது. கேட்டால் கதை போய்விடும்.

“ரெண்டாவது பார்ட் ஓசூர்ல இருக்கு,” என்றேன். “சனிக்கிழமை வருது.”